கெலவரப்பள்ளி அணையில் நுரை: எந்த கோர்ட்டில் போய் கேட்பது? தென்பெண்ணை வழக்குகள் சொல்லும் பதில்

பெங்களூரில் நல்ல மழை பெய்தால் ஓசூரில் ரெண்டு விஷயம் நடக்கும். கெலவரப்பள்ளி அணைக்கு நீர்வரத்து கூடும். மதகைத் திறந்ததும் ஆற்றில் வெள்ளை வெள்ளையா நுரை பொங்கும். நந்திமங்கலம் தரைப்பாலத்தை நுரை மூடி நிற்கிற வீடியோக்களை நீங்களும் போனில் பார்த்திருப்பீங்க.

ஒவ்வொரு முறையும் கமெண்ட்டில் வரும் கேள்வி ஒண்ணுதான்: "இதுக்கு கர்நாடகா மேல கேஸ் போட முடியாதா?"

போடலாம். தென்பெண்ணைக்காக தமிழ்நாடு ஏற்கனவே சுப்ரீம் கோர்ட் வரை போயிருக்கு. ஆனா அந்த வழக்கு நுரைக்காகப் போடப்பட்டது இல்லை. இந்த ஆற்றில் ரெண்டு சண்டை இருக்கு. தண்ணீர் எவ்வளவு வரணும் என்பது ஒண்ணு. வர்ற தண்ணீர் எப்படி இருக்கணும் என்பது இன்னொண்ணு. சட்டத்தில் இரண்டுக்கும் வழி வேற, வாசல் வேற. முதல் வாசலில் மாநில அரசு மட்டும்தான் நுழைய முடியும். இரண்டாவது வாசலில் அணைக்குக் கீழே ரெண்டு ஏக்கர் தக்காளி போட்டவரும் தன் பெயரிலேயே நுழையலாம். இது பலருக்கும் தெரியாமல் இருப்பதுதான் சிக்கல்.

தண்ணீர் எங்கிருந்து வருது?

தென்பெண்ணை கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் உற்பத்தியாகுது. அங்கே அதன் பெயர் தட்சிண பினாகினி. பெங்களூரின் கிழக்குப் பக்கமா இறங்கி, கொடியாளம் அருகே தமிழ்நாட்டுக்குள் வருது. கொஞ்ச தூரத்திலேயே கெலவரப்பள்ளி. அணையின் முழு உயரம் 44.28 அடி. இடது, வலது கால்வாய்கள் மூலம் சுமார் 8,000 ஏக்கர் பாசனம். அதற்குக் கீழே கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணை, பிறகு சாத்தனூர், கடைசியில் கடலூர் அருகே வங்கக் கடல்.

வழியில் பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் உபரி நீரும் இந்த ஆற்றுக்குத்தான் வருது. பெல்லந்தூர் ஏரி நினைவிருக்கா? 2015-ல் நுரையோடு தீப்பிடித்து, 2017-லும் 2018-லும் மறுபடி எரிந்து உலகச் செய்தியான ஏரி. சோப்புத்தூள் கலந்த வீட்டுக் கழிவுநீர் சரியா சுத்திகரிக்கப்படாம ஏரிக்கு வரும். மேலிருந்து கொட்டும் இடத்திலும் மதகிலும் அடிபட்டு நுரையாகும். கெலவரப்பள்ளி மதகில் நடப்பதும் அதேதான்.

முதல் வாசல்: எவ்வளவு தண்ணீர்?

ரெண்டு மாநிலம் சண்டை போட்டால் நேரா சுப்ரீம் கோர்ட் என்பது பொது விதி. அரசியல் சாசனத்தின் 131-வது பிரிவு அதைத்தான் சொல்லுது. ஆனா ஆற்றுத் தண்ணீருக்கு மட்டும் ஒரு விலக்கு. மாநிலங்களுக்கு இடையிலான நதிநீர்ப் பிரச்னையை கோர்ட்டுகளின் கையிலிருந்து எடுத்துவிட நாடாளுமன்றம் சட்டம் போடலாம் என்கிறது 262-வது பிரிவு. அப்படி வந்ததுதான் 1956-ம் ஆண்டு மாநிலங்களுக்கு இடையிலான நதிநீர்ப் பிரச்னைகள் சட்டம். நடுவர் மன்றத்துக்கு அனுப்பக்கூடிய விவகாரத்தில் சுப்ரீம் கோர்ட் உட்பட எந்தக் கோர்ட்டும் தலையிட முடியாது என்று அதன் 11-வது பிரிவு கதவைச் சாத்துது.

இந்தக் கதவு எப்படி வேலை செய்யும் என்பதை தமிழ்நாடு 2019-ல் நேரடியா பார்த்தது.

விவகாரம் மார்க்கண்டேய நதி. கிருஷ்ணகிரி பக்கம் தென்பெண்ணையில் சேரும் துணை ஆறு. அதன் குறுக்கே கோலார் மாவட்டத்தின் யார்கோலில் கர்நாடகா அணை கட்டியது. கோலார், மாலூர், பங்காருப்பேட்டைக்குக் குடிநீர் கொடுக்கத்தான் என்றது. 1892-ல் சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் போட்ட ஒப்பந்தத்தைத் தமிழ்நாடு கையில் எடுத்தது. பட்டியலில் உள்ள ஆறுகளில் கீழே இருப்பவரின் சம்மதம் இல்லாம மேலே இருப்பவர் புது அணை கட்டக்கூடாது என்பது அந்த ஒப்பந்தத்தின் சாரம். அந்தப் பட்டியலில் பெண்ணையாறும் உண்டு. துணை ஆறும் அதில் அடங்குமா என்பதில் கர்நாடகாவுக்கு வேற கருத்து.

2018-ல் தமிழ்நாடு சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடர்ந்தது. அணை வேலையை நிறுத்தச் சொல்லி இடைக்கால மனுவும் போட்டது. 2019 நவம்பர் 14-ல் நீதிபதிகள் யு.யு.லலித், வினீத் சரண் அமர்வு அந்த மனுவைத் தள்ளுபடி செய்தது. நாலு வாரத்துக்குள் நடுவர் மன்றம் கேட்டு மத்திய அரசை அணுகலாம் என்றும் சொன்னது.

அன்று பல டிவி-க்களில் "தமிழ்நாட்டுக்குப் பின்னடைவு" என்று பிரேக்கிங் ஓடியது. பின்னடைவுதான், மறுக்க முடியாது. ஆனா தமிழ்நாட்டுக்குத் தண்ணீரில் உரிமை இல்லை என்று கோர்ட் சொல்லவில்லை. அணையை நிறுத்த உத்தரவிட மறுத்துவிட்டு, சட்டம் காட்டும் வழி நடுவர் மன்றம், அங்கே போங்க என்றது. தோற்றது அந்த மனு. உரிமை பற்றிய கேள்வி அப்படியே நிற்குது. இடையில் யார்கோல் அணையும் கட்டி முடிந்துவிட்டது. நதிநீர் வழக்கில் தாமதம் யாருக்கு லாபம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்: மேலே இருப்பவருக்கு.

"ஒரு வருஷம்" என்பது எத்தனை வருஷம்?

1956 சட்டத்தின் 4-வது பிரிவு என்ன சொல்லுது? பேச்சுவார்த்தையில் தீராது என்று மத்திய அரசு கருதினால், மாநிலம் கேட்ட ஒரு வருஷத்துக்குள் நடுவர் மன்றம் அமைக்கணும். இந்தக் கெடு 2002 திருத்தத்தில் வந்தது. படிக்க நல்லாத்தான் இருக்கு. "பேச்சுவார்த்தையில் தீராது என்று கருதினால்" என்ற வரியில்தான் எல்லாம் மாட்டிக்கொள்ளுது.

தென்பெண்ணைக்கு 2020 ஜனவரியில் ஒரு பேச்சுவார்த்தைக் குழு போட்டாங்க. அது தீர்வைக் கொண்டுவரவில்லை. 2024 ஜனவரியில் இன்னொரு பேச்சுவார்த்தைக் குழு. சட்டத்தில் ஒரு வருஷம் என்று எழுதியிருந்தாலும், நடைமுறையில் அது எப்படி நீளும் என்பதற்கு இந்த ரெண்டு தேதிகளே போதும்.

காவிரியிலும் இதுதான் நடந்தது. அங்கே முடிச்சை அவிழ்த்ததில் ஒரு விவசாயிகள் சங்கத்துக்குப் பங்கு உண்டு. தஞ்சைப் பகுதி விவசாயிகளின் சங்கம் 1983-ல் சுப்ரீம் கோர்ட்டில் ரிட் மனு போட்டது. "எங்களுக்கு இத்தனை டி.எம்.சி. கொடுங்க" என்று கேட்டிருந்தால் 11-வது பிரிவு தடுத்திருக்கும். "நடுவர் மன்றம் அமைக்க வேண்டியது மத்திய அரசின் கடமை, அதைச் செய்யச் சொல்லுங்க" என்று கேட்டார்கள். 1990 மே 4-ல் கோர்ட் ஏற்றுக்கொண்டது. ஜூன் 2-ல் காவிரி நடுவர் மன்றம் வந்தது. பங்கைப் பிரிக்க கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லாமல் இருக்கலாம். பங்கு பிரிக்க வேண்டிய அமைப்பை உருவாக்கச் சொல்ல அதிகாரம் உண்டு. தென்பெண்ணை விவகாரத்தில் "சுப்ரீம் கோர்ட் உத்தரவு" என்று எந்தச் செய்தி வந்தாலும், இந்த ரெண்டில் எது என்று முதலில் பாருங்க.

மன்றம் வந்தாலும் வேலை முடியாது. காவிரியில் இறுதித் தீர்ப்பு 2007 பிப்ரவரி 5-ல் வந்தது. அதன் மீதான சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு 2018 பிப்ரவரி 16-ல். மன்றம் அமைத்ததிலிருந்து கணக்குப் போட்டால் 28 வருஷம் ஓடிவிட்டது.

சரி, நுரையையும் அந்த நடுவர் மன்றத்திலேயே கேட்கலாமே? முழுசா முடியாது என்று சொல்லிவிட முடியாது. சட்டம் 'நதிநீர்ப் பிரச்னை' என்பதை தண்ணீரின் பயன்பாடு, பங்கீடு, கட்டுப்பாடு என்ற வார்த்தைகளால் விளக்குது. கழிவைக் கலந்து அனுப்புவதும் ஒரு வகைப் பயன்பாடுதான், அதனால் கீழே இருப்பவருக்குப் பாதிப்பு என்று மாநில அரசு வாதிட இடம் இருக்கு. ஆனா அந்த வாதத்தையும் மாநில அரசுதான் வைக்கணும், அதுவும் மேலே பார்த்த அதே வேகத்தில்தான் நகரும். கால்வாயில் நாற்றமடிக்கும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பவருக்கு அது உடனடி மருந்தாகாது.

இரண்டாவது வாசல்: எப்படிப்பட்ட தண்ணீர்?

இங்கே சட்டம் வேற. 1974-ம் ஆண்டு நீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 24-வது பிரிவு ஆற்றில் மாசு கலப்பதைத் தடை செய்யுது. அதற்கு மாநில எல்லை கிடையாது. மாசில்லாத தண்ணீர் என்பது 21-வது பிரிவின் வாழ்வுரிமையில் சேர்ந்தது என்று சுப்ரீம் கோர்ட் பலமுறை சொல்லியிருக்கு. இந்த வழக்குகளைக் கேட்பதற்கென்றே 2010 சட்டத்தில் உருவானது தேசிய பசுமைத் தீர்ப்பாயம்.

(ஒரு சின்ன குழப்பம்: செய்திகளில் நதிநீர் நடுவர் மன்றத்தையும் 'தீர்ப்பாயம்' என்றே எழுதுறாங்க. இரண்டும் ஒன்றல்ல. தண்ணீரைப் பங்கு போடுவது நடுவர் மன்றம். மாசைக் கேட்பது பசுமைத் தீர்ப்பாயம்.)

ஓசூர்காரர்களுக்கு முக்கியமான விஷயம் இதோ. பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு சென்னையில் இருக்கு. அதன் எல்லைக்குள் தமிழ்நாடும் வருது, கர்நாடகாவும் வருது. எல்லை தாண்டி வரும் மாசுக்காக பெங்களூருக்கோ டெல்லிக்கோ அலைய வேண்டியதில்லை. கர்நாடக அரசின் துறைகளையே எதிர்மனுதாரராகச் சேர்த்து சென்னையில் மனு போடலாம். யாரும் மனு போடாவிட்டாலும், பேப்பரில் வந்த செய்தியை வைத்தே தீர்ப்பாயம் தானாக வழக்கை எடுக்கலாம் என்பதை 2021 அக்டோபர் 7-ல் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்துவிட்டது.

இதே ஆற்றின் மேல்பகுதியில் பசுமைத் தீர்ப்பாயம் கை வைத்தும் இருக்கு. பெல்லந்தூர், வர்த்தூர், அகரா ஏரிகள் வழக்கில் 2018 டிசம்பர் 6-ல் நீதிபதி ஆதர்ஷ் குமார் கோயல் தலைமையிலான அமர்வு கர்நாடக அரசுக்கு 50 கோடி ரூபாய், பெங்களூரு மாநகராட்சிக்கு 25 கோடி ரூபாய் விதித்தது. ஏரிகளைச் சரிசெய்ய 500 கோடி ரூபாயைத் தனிக் கணக்கில் போடச் சொன்னது. முன்னாள் சுப்ரீம் கோர்ட் நீதிபதி சந்தோஷ் ஹெக்டே தலைமையில் கண்காணிப்புக் குழுவும் போட்டது.

இந்த உத்தரவு வந்த பிறகும் கெலவரப்பள்ளியில் நுரை பொங்கியது. அதனால் உத்தரவே வீண் என்று சொல்லிவிடலாமா? என்னைக் கேட்டால், கூடாது. பெங்களூரின் கழிவுநீருக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அது எழுத்தில் ஒரு பதில் வைத்தது. கீழே இருப்பவர் போடும் மனுவில் முதல் பக்கத்திலேயே எடுத்துக்காட்ட வேண்டிய ஆவணம் அதுதான்.

நஷ்டஈடு நிஜமாவே கிடைக்குமா?

கிடைத்திருக்கு. தூரம் போக வேண்டாம், பாலாற்றைப் பாருங்க. வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகளுக்கு எதிரான வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் சுப்ரீம் கோர்ட் கொடுத்த தீர்ப்புதான், 'மாசுபடுத்தியவரே பணம் கட்டணும்' என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்தியது. அதன்பேரில் அமைந்த ஆணையம் பாதிக்கப்பட்டவர்களைக் கணக்கெடுத்து, 2001-ல் சுமார் 29 ஆயிரம் பேருக்கு நஷ்டஈடு நிர்ணயித்தது.

ஆனா ஆறு சரியாகவில்லை. 2025 ஜனவரி 30-ல் நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு அதே பாலாற்று மாசைப் பற்றி மறுபடி தீர்ப்பு எழுத வேண்டி வந்தது. அதில் நமக்குத் தேவையான ஒரு வரி உண்டு: பாதிக்கப்பட்டவருக்கு முதலில் அரசு பணம் கொடுக்கணும், பிறகு மாசுபடுத்தியவரிடம் வசூல் செய்துகொள்ளணும். வசூல் நடக்கட்டும், அப்புறம் தர்றோம் என்று விவசாயியை நிறுத்தி வைக்கக்கூடாது.

கெலவரப்பள்ளிக்கு இதை அப்படியே பொருத்துவதில் ஒரு கஷ்டம் இருக்கு. பாலாற்றில் மாசுபடுத்தியது தொழிற்சாலைகள். பெயர் உண்டு, லைசென்ஸ் உண்டு, மூடலாம், சீல் வைக்கலாம். இங்கே முக்கியமான எதிராளி ஒரு மாநகரத்தின் சாக்கடை. பெங்களூரை மூட முடியாது. சுத்திகரிப்பு நிலையம் கட்டு, இந்தத் தேதிக்குள் கட்டு, கட்டாவிட்டால் மாதம் இவ்வளவு கட்டு என்றுதான் உத்தரவு போட முடியும்.

ஓசூர் தன் வாசலையும் பார்க்கணும்

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கப்போகும் முதல் கேள்வி இது: "நுரைக்கு முழுக்க நாங்கதான் காரணம்னு எப்படிச் சொல்றீங்க? உங்க ஊர்லயும் சிப்காட் இருக்கே, உங்க மாநகராட்சியிலும் சாக்கடை இருக்கே?"

நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லப்போவது மேடைப் பேச்சு இல்லை, தண்ணீர் எடுத்த இடம். கொடியாளத்தில், அதாவது ஆறு தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடத்தில் எடுத்த மாதிரி கெட்டுப்போயிருந்தால் அது மேலிருந்து வந்தது. அங்கே ஓரளவு இருந்து, அணைக்கு வரும்போது மோசமாகியிருந்தால் இடையில் நம்ம பக்கம் ஏதோ கலக்குது. ரெண்டு இடத்திலும் ஒரே நாளில் எடுத்த அறிக்கை இல்லாம வழக்கு நொண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தையும் எதிர்மனுதாரராகச் சேர்ப்பது இதற்காகத்தான். ரெண்டு மாநில வாரியங்களின் அறிக்கைகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால், நடுவில் நிற்க அது வேணும்.

ஒரு விவசாயி என்ன செய்யலாம்?

பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 14-வது பிரிவில் 'மாசை நிறுத்த உத்தரவிடுங்க' என்று கேட்கலாம். பிரச்னை முதலில் எழுந்ததிலிருந்து ஆறு மாதத்துக்குள் போகணும். தகுந்த காரணம் இருந்தால் மேலும் 60 நாள். 15-வது பிரிவில் நஷ்டஈடு கேட்கலாம். அதற்கு ஐந்து வருஷம் அவகாசம், கூடவே அதே 60 நாள். எதற்கெல்லாம் நஷ்டஈடு என்ற பட்டியல் சட்டத்தின் பின்னிணைப்பிலேயே இருக்கு. பயிர், காய்கறி, மரம், தோப்பு, கறவை மாடு, மண், தண்ணீர் எல்லாம் அதில் வருது. "இதுக்கெல்லாம் கேஸ் நிக்குமா சார்?" என்று தயங்க வேண்டியதில்லை.

கட்டணம்? நஷ்டஈடு கேட்காத மனுவுக்கு 1,000 ரூபாய். நஷ்டஈடு கேட்டால், கேட்கும் தொகையில் 1 சதவீதம். 5 லட்சம் கேட்டால் 5,000 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவருக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க வசதி இல்லாவிட்டால் தாலுகா, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமா கேட்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அதற்கு வருமான வரம்பே பார்ப்பதில்லை.

ஹைகோர்ட்டுக்கு ரிட் மனுவாகவும் போகலாம். பசுமைத் தீர்ப்பாயம் வந்ததால் ஹைகோர்ட்டின் அதிகாரம் போய்விடவில்லை என்று 2022-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. ஆனா தண்ணீர் பரிசோதனை, நிபுணர் குழு, நஷ்டஈட்டுக் கணக்கு என்று போகும் வழக்குக்கு தொழில்நுட்ப உறுப்பினர்கள் உட்கார்ந்திருக்கும் தீர்ப்பாயம்தான் தோதான இடம்.

உத்தரவை மதிக்காவிட்டால்? தீர்ப்பாயத்தின் உத்தரவை சிவில் கோர்ட் டிகிரி போலவே நிறைவேற்றலாம். மீறினால் மூன்று வருஷம் வரை சிறை, 10 கோடி ரூபாய் வரை அபராதம் என்று 26-வது பிரிவு சொல்லுது. பேப்பரில் கடுமைதான். அரசுத் துறைகள் மேல் அதைப் பிரயோகிப்பது அபூர்வம். தோற்ற தரப்பு 90 நாளுக்குள் சுப்ரீம் கோர்ட்டில் மேல்முறையீடு செய்யலாம். பெரும்பாலும் செய்வாங்க, ஸ்டே கேட்பாங்க. அதையும் கணக்கில் வைத்துத்தான் இறங்கணும்.

இன்னொரு நடைமுறை விஷயம். நுரை ரெண்டு மூணு நாளில் அடங்கிவிடும். அதிகாரிகள் மாதிரி எடுக்க வரும்போது ஆறு அமைதியா ஓடும். அதனால் பொங்கும் அன்றே தேதியும் இடமும் தெரிய போட்டோ எடுங்க. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்கி வைங்க. பயிர் பாதிச்சிருந்தால் வி.ஏ.ஓ.விடம் அடங்கல் நகலும், வேளாண் அலுவலரின் பார்வைக் குறிப்பும் கேளுங்க. ஆறு மாதக் கெடு "முதலில் எழுந்த" நாளிலிருந்து என்பதால், "இது வருஷா வருஷம் நடக்குது, இத்தனை வருஷம் ஏன் வரல?" என்ற ஆட்சேபம் நிச்சயம் வரும். ஒவ்வொரு மழைக்கும் தனித்தனியா தேதி போட்ட புகார் கையில் இருந்தால்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும்.